புருவ டாட்டூ செங்கல் நிறமானால்

குளச்சலில் இருந்து கேட்ட சகோதரிக்கு: மூன்று வருடத்துக்கு முன் பிரவுனில் போட்ட புருவ டாட்டூ இப்போது செங்கல் நிறமாகிவிட்டது, மேலே கறுப்பு போட்டு மறைக்கலாமா என்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

பிரவுன் என்பது ஒரே சாயம் இல்லை. கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கலந்தது. பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு மாதிரியான இரும்புச் சாயம். எல்லாம் ஒரே வேகத்தில் மங்காது. கறுப்பு முந்திக்கொண்டு போனால் சிவப்பு மிஞ்சும். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும். கார்பன் கறுப்பு (கரியில் இருந்து வரும் கறுப்பு) கலந்த சாயம் என்றால் தலைகீழ்: மற்ற நிறங்கள் போய், சாம்பலும் நீலமும் தெரியும். ஊசி ஆழமாக இறங்கினாலும் அப்படித்தான். நம் கடலோர வெயில் வேறு சாயத்தைச் சீக்கிரம் வெளுக்கவைக்கும்.

அதனால் கறுப்பு வேண்டவே வேண்டாம், பின்னால் நீலம் பாரித்து நிற்கும். நிறம் திருத்தத் தெரிந்தவர் லேசான ஆலிவ் பச்சைச் சாயலிலேயே சிவப்பை அடக்கிவிடுவார். லேசர் வைத்து அழிப்பதென்றால் பார்லர் சரிப்படாது, நாகர்கோவிலில் தோல் மருத்துவரிடம் போங்கள். முதலில் புருவ ஓரத்தில் ஒரு புள்ளியில் மட்டும் சோதிக்கச் சொல்லுங்கள். இரும்பு ஆக்சைடும், டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைச் சாயமும் லேசர் பட்டதும் கறுத்துப்போவதுண்டு. அப்புறம், பழைய சாயத்தின் பெயர் கிடைத்தால் கையோடு கொண்டுபோங்கள்.