வட்டார வள மையமா, வட்டாரக் கல்வி அலுவலகமா? ஒரு நீண்ட கேள்வி பதில்

கேட்பதற்கு முன் ஒன்று. தமிழ்நாட்டில் ஓர் ஒன்றியத்துப் பள்ளிக்கு இரண்டு கதவுகள். வட்டாரக் கல்வி அலுவலர் (பழைய பெயர் உதவித் தொடக்கக் கல்வி அலுவலர்) நிர்வாகத்தைப் பார்ப்பவர்: சம்பளம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, பள்ளி ஆய்வு. வட்டார வள மையம், ஒன்றிய அரசு நிதி வரும் 'ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி'த் திட்டத்தின் கை: ஆசிரியர் பயிற்சி, மாற்றுத்திறன் குழந்தைகள், பள்ளி செல்லாக் குழந்தைகள், பள்ளி மானியம், பள்ளி மேலாண்மைக் குழுப் பயிற்சி. பல ஊர்களில் இரண்டும் ஒரே காம்பவுண்டுக்குள் இருப்பதால்தான் மனு தப்பான மேசைக்குப் போய் மாதக்கணக்கில் தூங்குகிறது.

எங்கே போனாலும் எழுதிக் கொடுங்கள், நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது சொல்லாததற்குச் சமம்.

கேள்வி: பையனுக்கு ஏழு வயது, மூளை முடக்குவாதம். "எங்களால் சமாளிக்க முடியாது, வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுங்கள்" என்கிறார் தலைமையாசிரியர். என்ன செய்வது?

அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை, அம்மா. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி தருகிறது. எது என்று தேர்ந்தெடுப்பது குடும்பம்.

முதலில் சேர்க்கை. பெயர் பள்ளிப் பதிவேட்டில் ஏறுவதோடு, எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவு) மாற்றுத்திறன் குழந்தை என்ற குறிப்பும் பாதிப்பின் வகையும் ஏற வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்புப் பயிற்றுநரின் பட்டியலில் உங்கள் பையன் வரவே மாட்டான். எமிஸில் இல்லாத பிள்ளை அலுவலகத்துக்கு இல்லாத பிள்ளை.

அடுத்து, வட்டார அளவில் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாம். தேதியை வள மையத்தில் கேட்டு வையுங்கள். ஆதார், குடும்ப அட்டை, புகைப்படங்கள், பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். பாதிப்புச் சதவீதம் அங்கே பதிவானால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கான வேலையும் நகரும். சக்கர நாற்காலி, காலிப்பர் (காலில் மாட்டும் தாங்கி), சி.பி. சேர் (மூளை முடக்குவாதப் பிள்ளைக்கான நாற்காலி) ஆகியவற்றுக்கு அளவெடுப்பதும் அங்கேதான். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அளவெடுத்த நாளுக்கும் கருவி வரும் நாளுக்கும் நடுவில் மாதங்கள் ஓடும், பிள்ளை வளர்ந்துவிடும். வாங்கும்போதே உட்கார வைத்து, பாதம் மிதிபலகையில் படுகிறதா, இடுப்புப் பட்டை சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். பொருந்தாத காலிப்பர் தோலைப் புண்ணாக்கும். பொருந்தவில்லை என்றால் பதிவேட்டில் அதை எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இயன்முறை மருத்துவர் வள மையத்துக்கு வரும் கிழமை எது என்று கேளுங்கள். பயணப்படி, உடன் வருபவர் படி இரண்டும் வங்கிக் கணக்குக்கே வரும். பையன் பெயரில் உங்களோடு கூட்டுக் கணக்கு தொடங்கி ஆதாரை இணைத்துவிடுங்கள்.

வீட்டுவழிக் கல்வி என்று ஒன்று உண்டுதான். கடுமையான பாதிப்புள்ள பிள்ளைக்கு, பெற்றோர் விரும்பினால் மட்டும். அப்போதும் பெயர் பள்ளியில் இருக்கும், சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கு வருவார். பள்ளி கைகழுவுவதற்கான வழி அது இல்லை.

கேள்வி: மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையும் வள மையத்தில்தானா?

இல்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளியில் 64 பிள்ளைகள், ஆசிரியர் இருவர். வள மையத்தில் மனு கொடுத்து ஐந்து மாதம் ஆயிற்று.

தப்பான கதவு. வள மையத்தால் ஓர் ஆசிரியரைக்கூட நியமிக்கவோ மாற்றவோ முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பேர் வரை இருவர், 61 முதல் 90 வரை மூவர். ஆகஸ்ட் 1ஆம் தேதி வருகைப் பதிவில் உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம். அன்று 60ஐத் தாண்டாமல் இருந்திருந்தால் உங்கள் வாதம் அடுத்த ஆண்டுக்குத்தான். 64 இருந்தது என்றால் மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள். 2022 மறுசீரமைப்புக்குப் பின் தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் பள்ளிகள் என்று தனித்தனி மாவட்டக் கல்வி அலுவலர்கள். உங்களுக்கு உரியவர் தொடக்கக் கல்விக்காரர்.

மனுவில் "காலிப் பணியிடம்" என்று எழுதாதீர்கள். அனுமதிக்கப்பட்ட இடத்தில் ஆள் இல்லாததுதான் காலிப் பணியிடம். மூன்றாவது இடம் அனுமதிக்கப்படவே இல்லை என்றால் அது கூடுதல் தேவைப் பணியிடம், கோப்பு வேறு. இந்த ஒரு சொல்லுக்காகவே மனு திரும்பி வரும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் 30 பிள்ளைகள். பக்கத்து ஊரில் 33. அவர்களுக்கு மானியம் இரண்டரை மடங்கு வந்திருக்கிறது. இது என்ன நியாயம்?

படிக்கட்டுக் கணக்கு. 30 வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். கணக்கில் வருவது யூடைஸில் (ஒன்றிய அரசின் பள்ளிப் புள்ளிவிவரத் தொகுப்பு) ஏறிய எண்ணிக்கை. ஒரு பிள்ளையின் சேர்க்கை பதிவாகாமல் விட்டால் 15,000 ரூபாய் போச்சு. அதனால்தான் எமிஸ், எமிஸ் என்று அடித்துக்கொள்கிறேன்.

மானியத்தில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. மீதியில் மின்கட்டணம், குடிநீர், சிறு பழுது, கற்பித்தல் பொருள். மேலாண்மைக் குழுத் தீர்மானம் முதலில், செலவு பிறகு. மார்ச் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். ரசீதில் தவறு இருந்தால் திருத்த நாள் இருக்காது, பணம் திரும்பிப் போகும்.

கேள்வி: மனைவி வேலை பார்க்கும் ஊருக்கு மாறுதல் வேண்டும், வள மையத்தில்...

மேலே சொல்லிவிட்டேன். வள மையம் மாறுதல் தருவதில்லை.

கேள்வி: நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் வருகிறார், பின்பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் டிக் போடுகிறார், போய்விடுகிறார். இதற்குப் பெயர் ஆதரவா?

(இதற்கு ஓர் ஆசிரியர் பயிற்றுநரின் குறுக்கீடு: "டிக் போடச் சொல்வதே மேலிடம்தான். நாங்களும் ஆசிரியர்கள்தான், எங்களைத் தரவு ஆபரேட்டர் ஆக்கிவிட்டார்கள்." ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்: "பார்வையே வேண்டாம் என்றால் மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு யார் பொறுப்பு?")

மூவர் சொல்வதிலும் பாதி சரி. அந்தப் பணியிடம் உருவானது வகுப்பில் ஆசிரியருக்குத் தோள் கொடுக்க. நடந்தது வேறு. 2022இல் தொடக்க வகுப்புகளுக்கான அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம் 'எண்ணும் எழுத்தும்' வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிக்கும் முறை வந்தது. நல்ல முறை. ஒரே அறையில் மூன்று குழுவை நடத்துவதோ கைப்பழக்கத்தில் வர வேண்டிய வித்தை. மாநிலத்தில் கருத்தாளருக்கு (பயிற்சி தருபவருக்கு) சொன்னது மாவட்டம், வட்டாரம், குறுவள மையம் (சில பள்ளிகளின் தொகுப்பு) என்று இறங்கி வரும்போது எஞ்சுவது காணொலியும் படிவமும்தான். செய்துகாட்டுபவர் நடுவில் காணாமல் போய்விடுகிறார்.

படிவத்தில் குற்றம் இல்லை, ஓய்வுபெற்றவர் கேட்பது நியாயம். ஆனால் பார்த்தவர் பார்த்ததை ஆசிரியரிடம் சொல்லாமல் போனால் அது வேவு.

ஆசிரியைக்கு: அடுத்த முறை அவர் வரும் முன்பே இரண்டு பிள்ளைகளின் பெயரையும் அவர்கள் தடுக்கி விழும் இடத்தையும் எழுதி வையுங்கள். "அரும்பில் நான்கு பேர், உயிர்மெய்யில் கொம்பும் காலும் மாறுகிறது" என்பது போல. "இந்த நால்வருக்கும் இருபது நிமிடம் நீங்கள் எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். மறுக்க மாட்டார், பெரும்பாலும் மகிழ்வார். பார்வைப் பதிவேட்டில் அதை எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால்தான் அடுத்த வருகையில் தொடர்ச்சி.

("அதற்கும் ஒரு ஆப் போடுவார்கள் சார்" என்று பயிற்றுநர். போடக்கூடும்.)

கேள்வி: ஒன்றிய அரசு பணம் தராததால்தான் எல்லாம் நின்றது என்கிறார்களே?

பி.எம். ஸ்ரீ (ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டம்) ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 'ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி'யின் 2024-25க்கான 2,152 கோடி நிற்கவைக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சிறப்புப் பயிற்றுநர் சம்பளம் முதல் பயிற்சிச் செலவு வரை இந்தத் தலைப்பில்தான், ஆகவே பாதிப்பு உண்மை. இதற்கு மேல் கட்சிச் சண்டை இங்கே வேண்டாம். உங்கள் பள்ளியின் எமிஸ் பிழைக்கு டெல்லி காரணமில்லை.

கேள்வி: பழைய தனியார் பள்ளி கட்டணப் பாக்கி என்று மாற்றுச் சான்றிதழ் தரவில்லை. மகள் ஆறாம் வகுப்பு. புதிய பள்ளி சேர்க்கத் தயங்குகிறது.

எட்டாம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழ் தாமதம் சேர்க்கையை மறுக்கக் காரணமாகாது, கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5. கட்டணப் பாக்கியைச் சான்றிதழில் குறிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது.

நடைமுறைச் சிக்கல் எமிஸில். பழைய பள்ளி விடுவித்தால்தான் பெயர் பொதுத் தொகுப்புக்கு வரும், புதிய பள்ளி அங்கிருந்து எடுக்கும். விடுவிக்கவில்லை என்று அவசரத்தில் புதிய எண் உருவாக்கிவிட்டால் ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவு. பின்னால் உதவித்தொகையிலும் தேர்வுப் பெயர்ப் பட்டியலிலும் இடிக்கும். புதிய எண் போட விடாதீர்கள். பழைய எமிஸ் எண்ணைக் குறிப்பிட்டு மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தனியார் பள்ளிகள்) மனு கொடுங்கள், ஒப்புகையோடு. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417லும் பதியலாம்.

கேள்வி: கட்டடத் தளத்தில் வேலை செய்யும் இந்திக் குடும்பம். ஒன்பது வயதுப் பெண், பள்ளிக்கே போனதில்லை, காகிதம் எதுவும் இல்லை.

வயதுச் சான்று இல்லை என்று மறுக்க முடியாது. ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். வயதுக்கேற்ற வகுப்பில், நான்காவதில், சேர்த்து, வள மையத்தின் சிறப்புப் பயிற்சியில் விட வேண்டும். மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை அது நீளலாம். வேலை முடிந்து குடும்பம் ஊர் திரும்பும் நாளை முன்கூட்டியே கேட்டு, அதற்குள் படிப்புச் சான்று கையில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே மறுபடி முதலிலிருந்து.

கேள்வி: சத்துணவுக் கூட அமைப்பாளர் மேல் புகார்...

சமூக நலத்துறை. ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகம்.

கேள்வி: மாறுதல் கலந்தாய்வுக்கு வள மையப் பரிந்துரை...

இல்லை.

கேள்வி: வகுப்பறைக் கூரையில் காரை பெயர்ந்து விழுகிறது. மானியத்தில் பூசிவிடலாமா?

வேண்டாம். காரை விழுகிறது என்றால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருக்கும். மேலே பூசினால் கனம் கூடி மொத்தமாக விழும். இன்றே அறையைப் பூட்டிப் பிள்ளைகளை வெளியேற்றி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒன்றியப் பொறியாளருக்கும் படத்தோடு எழுதுங்கள். நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. பொறியாளர் பார்த்து எழுத்தில் தரும்வரை பூட்டைத் திறக்க வேண்டாம்.