அணில் தொல்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சப்போட்டா, கொய்யா, மாதுளை மூன்றும் வீட்டில் காய்க்கின்றன. ஒரு பழம்கூட முழுசாகக் கைக்கு வருவதில்லை. நைலான் வலை போட்டால் கடித்துக் கிழித்துவிட்டு உள்ளே போகிறது. மிளகாய்த்தூள் கரைசலும் தெளித்துப் பார்த்தாயிற்று. – திண்டுக்கல் வாசகி

மூன்று மரத்துக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதால்தான் பலிக்கவில்லை. சப்போட்டாவும் கொய்யாவும் பறித்த பிறகும் பழுக்கும். மாதுளை பழுக்காது. அணில் தேடி வருவது பெரும்பாலும் பழுத்ததைத்தான் என்பதால், முதல் இரண்டையும் அது வருவதற்கு முன்னால் நீங்கள் பறித்துவிடலாம்.

சப்போட்டாவில் பக்குவம் பார்ப்பது எளிது. காயின் மேலிருக்கும் பழுப்புத் தூள் தேய்த்தால் உதிர வேண்டும். நகத்தால் லேசாகக் கீறினால் பச்சை தெரியக் கூடாது, மஞ்சள் தெரிய வேண்டும். பாலும் குறைந்திருக்கும். அப்படிப்பட்ட காயைப் பறித்து, பால் வடியவிட்டுக் கழுவி, வைக்கோலில் வைத்தால் நாலைந்து நாளில் பழுத்துவிடும். பச்சையாகக் கீறல் விழும் காயைப் பறித்தால் வெம்பித்தான் போகும். கொய்யாவை அடர்பச்சை வெளிறத் தொடங்கியதும் பறியுங்கள். அறையில் இரண்டு மூன்று நாளில் வாசம் வந்துவிடும். விளைச்சல் நேரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் மரத்தைச் சுற்றிப் பார்ப்பது அவசியம். கிளையில் ஒரு பழம் பழுத்துக் கிடந்தாலும் அந்த வாசமே அணிலை அழைத்துவரும்.

மாதுளைக்குக் கம்பிக் கூடுதான் வழி. அரை இஞ்ச் கண் உள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ்ஷை (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலையை) 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு வெட்டி உருளையாகச் சுருட்டுங்கள். குறுக்களவு ஏறக்குறைய 12 செ.மீ. வரும். காயை உள்ளே விட்டு, காம்புக்கு மட்டும் வழிவைத்து இரு முனைகளையும் உள்நோக்கி மடித்துவிடுங்கள். கூட்டின் கனம் காம்பில் இறங்கினால் காய் உதிரும். ஆகவே கூட்டைத் தனியாகக் கிளையில் கட்டுங்கள். காய்க்கும் கம்பிக்கும் நடுவே சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளி இல்லாவிட்டால் அணில் வெளியே உட்கார்ந்தபடியே கம்பிக் கண் வழியாகக் கொறித்துவிடும். கூடு போட்டும் பலனில்லை என்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். கம்பி பழத்துளைப்பான் புழுவைத் தடுக்காது. அதற்கு உள்ளே பட்டர் பேப்பர் உறை தனியாகப் போட வேண்டும்.

மிளகாய்க் கரைசல் ஒரு மழையில் கழுவிப் போய்விடும். வெயிலிலும் ஓரிரு நாளில் வீரியம் குறையும். அதை நம்பிப் பறிப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குள் அணில் கூடு கட்டியிருக்கிறது. குட்டிகள் கத்தும் சத்தம் கேட்கிறது. ஏசியைப் போடலாமா? – சென்னை வாசகர்

போடாதீர்கள். விசிறியில் குட்டியோ தாயோ அடிபடும். தேங்காய் நாரும் பஞ்சும் விசிறியில் சுற்றிக்கொண்டால் மோட்டாருக்கும் கேடு. முதலில் மின்பெட்டியில் ஏசிக்கான எம்.சி.பி. சுவிட்சை அணைத்து, யாரும் மறந்துபோய்ப் போட்டுவிடாதபடி அதன்மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

குட்டிகள் பால் மறந்து வெளியேற எட்டிலிருந்து பத்து வாரம் ஆகும். பொறுக்க முடிந்தால் பொறுத்திருங்கள், அதுதான் நல்லது. கோடையில் முடியவில்லை என்றால் கூட்டை இடம் மாற்றலாம். மழை இல்லாத நாளில் காலையிலேயே செய்யுங்கள். அப்போதுதான் தாய்க்கு முழுப் பகலும் கிடைக்கும். கையுறை போட்டு, நார் பஞ்சோடு கூட்டை அப்படியே எடுத்து ஓர் அட்டைப் பெட்டியில் வையுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் 5 செ.மீ. ஓட்டை போதும். பழைய இடத்துக்கு ஒரு கை தூரத்தில், அதே உயரத்தில், நிழலில் கட்டிவிட்டு விலகிவிடுங்கள். காக்கையும் பூனையும் அண்டாமல் தூரத்திலிருந்து கவனித்தால் போதும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்ற பயம் வேண்டாம். தாய் ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போகும், அல்லது பெட்டியிலேயே தங்கும். இருட்டும்வரை தாய் வரவில்லையென்றால் துணியில் சுற்றிக் கதகதப்பாக வைத்துவிட்டு விலங்கு மீட்பாளரை அழையுங்கள். பசும்பால் புகட்டாதீர்கள். வயிற்றுப்போக்கு வரும், மூச்சுக்குழலில் இறங்கினால் குட்டி செத்தும் போகும்.

கூடு காலியானபின் நாரையெல்லாம் எடுத்து, டெக்னீஷியனை வைத்து ஒயர் கடிபட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள். பின்பக்கக் காயிலில் (குழாய்ச் சுருளில்) இருந்து 5 செ.மீ. தள்ளி வெல்டு மெஷ் சட்டம் பொருத்தினால் காற்றோட்டமும் கெடாது. செம்புக்குழாய் நுழையும் சுவர் ஓட்டையில் ஃபோம் மட்டும் அடித்தால் அணில் அதைப் பிய்த்துவிடும். முதலில் ஸ்டீல் ஸ்க்ரப்பரைத் திணித்து அதன்மேல் சிமென்ட் பூசுங்கள்.

கேள்வி: தென்னையில் குரும்பையை அணில் ஓட்டை போட்டுத் தள்ளுகிறது. தகடு அடித்தும் நிற்கவில்லை. – பொள்ளாச்சி வாசகர்

அணில்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். அணில் பகலில் நடமாடும், காலையிலும் மாலையிலும் அதிகம். இரவு விடிந்ததும் காம்போரம் ஓட்டையோடு இளங்காய்கள் கீழே கிடந்தால் அது எலியின் வேலை.

தகடு தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே இருக்கிறது. பக்கத்து மரத்தின் மட்டையோடு மட்டை உரசினால் அதுவே பாலம். தகட்டை அடிமரத்தைச் சுற்றி நெருக்கமாகப் பொருத்துங்கள், தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். எலிக்கு 40 செ.மீ. அகலம் போதும், அணிலுக்கு 60 செ.மீ. வையுங்கள். மா, கொய்யா போன்ற பருக்கும் மரங்களில் ஆணி அடிக்காமல் ஸ்பிரிங் போட்டு இணைத்து, ஆண்டுக்கொருமுறை தளர்த்துங்கள். இல்லாவிட்டால் பட்டை இறுகி மரம் நலியும்.

கேள்வி: கூண்டில் பிடித்து ஊருக்கு வெளியே விட்டுவிடலாமா? மருந்து வைக்கலாமா? – மதுரை வாசகர்

இரண்டும் வேண்டாம். இரை இருக்கும் இடம் காலியானால் அடுத்த அணில் வந்துவிடும். பிடிபட்டது தாயாக இருந்தால் குட்டிகள் கூட்டிலேயே பட்டினியில் சாகும். ஜிங்க் பாஸ்பைடு கலந்த இரையை நாயும் கோழியும் குழந்தையும்கூட எடுக்கக்கூடும். பசை அட்டையில் அணில் மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது, ஓணானும் சிட்டுக்குருவியும் அதில் சேர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. அந்தச் சித்திரவதையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: மாடித் தோட்டத்தில் அவரை விதையை ஊன்றிய மறுநாளே தோண்டி எடுத்துவிடுகிறது. – திருச்சி வாசகி

ஊன்றியதும் தொட்டி வாயை அரை இஞ்ச் கம்பி வலையால் மூடி, ஓரத்தைக் கட்டிவிடுங்கள். கல்லை மட்டும் வைத்தால் தள்ளிவிட்டு நுழையும். செடி ஒரு சாண் வளர்ந்ததும் எடுத்துவிடலாம்.

கேள்வி: சோலார் பேனலுக்கு அடியில் உள்ள ஒயரைக் கடிக்கிறது. அல்ட்ராசோனிக் கருவி வாங்கலாமா? – கோவை வாசகர்

வாங்க வேண்டாம். திறந்த மாடியில் அந்தச் சத்தம் சிதறிப் போய்விடும், கொஞ்ச நாளில் அணிலும் பழகிவிடும். அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் எதையாவது கொறித்துக்கொண்டேதான் இருக்கும். அந்தப் பணத்தில் பேனல் சட்டத்தைச் சுற்றிக் கிளிப் வைத்துக் கம்பி வலை பொருத்துங்கள். சட்டத்தில் துளை போட்டால் பேனலின் வாரன்டி போய்விடலாம். வெளியே ஓடும் ஒயருக்கு உலோக ஃப்ளெக்சிபிள் குழாய் போடுங்கள். பேனலிலிருந்து வரும் டி.சி. (நேர்மின்சார) ஒயர் ஏற்கெனவே கடிபட்டிருந்தால் டேப் சுற்றித் தொடராதீர்கள். பகலில் அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும், தீப்பிடிக்க அது போதும். நீங்கள் தொடாமல், நிறுவியவரை அழைத்து ஒயரையே மாற்றச் சொல்லுங்கள்.