முட்டி மாற்று அறுவை சிகிச்சையும் நரம்புத் தடுப்பு ஊசியும்: கேள்வி-பதில்

கேள்வி: முதுகில் ஊசி போட்டாலே கால் மரத்துவிடுகிறது. தொடையில் இன்னொன்று எதற்கு?

பதில்: முதுகு ஊசி அறுவை சிகிச்சைக்கானது, சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். வலி தலைகாட்டுவதே அதன் பிறகுதான். தொடை ஊசி அந்த முதல் இரவுக்கு. அல்ட்ராசவுண்டில் பார்த்து நரம்பருகே விடும் மரப்பு மருந்து (ரோபிவக்கைன் அல்லது பியூபிவக்கைன்) ஏறக்குறைய 12 முதல் 24 மணி நேரம் தாங்கும். கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வைத்து மருந்தைத் தொடர்ந்து விட்டால் 2, 3 நாள் வரை நீட்டலாம்.

கேள்வி: ஊசிக்குப் பின் சிலருக்குக் கால் மடங்கிவிடுகிறதே?

பதில்: எங்கே போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. தொடையிடுக்கில் போடும் ஃபெமோரல் பிளாக் (பிளாக் என்றால் நரம்புத் தடுப்பு) வலியோடு தொடையின் முன்தசை பலத்தையும் எடுத்துவிடும். நடுத்தொடையின் உட்புறம் போடும் அடக்டர் கெனால் பிளாக்கில் தசை பெரும்பாலும் தப்பும். மருந்து மேலே பரவினால் அதிலும் தளரும். எனவே எழுமுன் படுத்தபடியே, முட்டியை மடக்காமல் காலை ஒரு சாண் தூக்கி 5 விநாடி நிறுத்திப் பாருங்கள். முடியாவிட்டால் எழவே வேண்டாம். முடிந்தாலும் வாக்கரும் பக்கத்தில் ஓர் ஆளும் கட்டாயம். முட்டியின் பின்பக்க வலிக்கு இந்தத் தொடை ஊசி போதாது. அதற்கு ஐபேக் என்ற தனி ஊசியோ, மூட்டைச் சுற்றிப் போடும் மருந்தோ தேவைப்படும்.

கேள்வி: மறுநாள் பகலெல்லாம் சுகம், இரவில் தாங்க முடியாத வலி. ஏதாவது கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பிளாக் விலகியதும் வலி மொத்தமாகத் தாக்குகிறது. வலி வந்தபின் மாத்திரை தேடுவதுதான் தவறு. மரப்பு இருக்கும்போதே, எழுதிக்கொடுத்த நேரப்படி தொடங்கிவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் முன்பே சொல்லுங்கள், சில வலி மாத்திரைகள் ஆகாது. ஐஸை துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். மரத்த தோலுக்குச் சுடுவதும் தெரியாது, உறைவதும் தெரியாது. நேரம் பார்த்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: முட்டிக்கடியில் தலையணை வைக்கலாமா?

பதில்: கூடாது. இதமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். குதிகாலுக்கடியில் வையுங்கள். மடக்குவது மெல்ல மெல்ல வரும்: 2 வாரத்தில் 90 டிகிரி நல்ல இலக்கு. நீட்டுவதை விட்டால் மீட்பது கடினம்.

கேள்வி: தழும்பின் வெளிப்பக்கம் மரத்தே இருக்கிறது. ஊசியின் கோளாறா?

பதில்: அல்ல. கீறும்போது தோலுக்குச் செல்லும் சிறு நரம்புக்கிளை அறுபடுகிறது. மரத்த பரப்பு மாதக்கணக்கில் சுருங்கும். சிலருக்குக் கொஞ்சம் நிலைத்தும் விடும். ஆனால் பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாவிட்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினால் அடுத்த நிமிடமே ஆம்புலன்ஸ்.