இரும்பைத் தூக்குவது கையா, மனசா? – கேள்வி பதில்

பளுதூக்கும் மேடையில் பன்னிரண்டு வருடம். அப்புறம் விளையாட்டு உளவியல் படித்துவிட்டு, வீரர்களோடு உட்கார்ந்து பேசுவதே ஒன்பது வருடமாக வேலை. ‘மோட்டிவேஷன்’ பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

அண்ணா, திருச்சியில காலேஜ் செகண்ட் இயர். வருஷத்துக்கு மூணு தடவை ஜிம்ல சேர்றேன், மூணாவது வாரம் நின்னுடறேன். தினமும் மோட்டிவேஷன் வீடியோ பார்த்துட்டுதான் படுக்கறேன். எனக்கு வெறி பத்தலையா?

வெறியெல்லாம் போதிய அளவு இருக்கிறது தம்பி. இங்கிலாந்தில் 248 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2002-இல் வெளியானது. ஒரு பிரிவை அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டாவது பிரிவுக்கு, உடற்பயிற்சி செய்யாவிட்டால் இதயம் என்ன ஆகும் என்று படிக்கக் கொடுத்தார்கள். உங்கள் வீடியோ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பிரிவு அதையும் படித்தது; கூடவே எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்யப்போகிறேன் என்று எழுதியும் கொடுத்தது. அடுத்த வாரம் உடற்பயிற்சி செய்தவர்கள் முதல் பிரிவில் 38 சதவீதம், இரண்டாவதில் 35, மூன்றாவதில் 91. உபதேசம் கேட்டவர்களும் சும்மா இருந்தவர்களும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்னொன்று. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். லண்டனில் 96 பேரைக் கவனித்துப் பார்த்தபோது சராசரி 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. நீங்கள் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் விட்டதும் ‘எல்லாம் போச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள், அதுதான் சிக்கல். செவ்வாய், வியாழன், சனி மூன்றே நாள் போதும். கடைசி வகுப்பு முடிந்ததும் ஹாஸ்டலுக்குப் போகாமல் நேரே ஜிம். கட்டிலில் முதுகு பட்டுவிட்டால் அன்றைய கதை முடிந்தது.

சென்னையில ஐடி வேலை. நாள் முழுக்க உட்கார்ந்துதான் இருக்கேன், ஆனா ஜிம்முக்குப் போனா ரெண்டாவது செட்லயே கழண்டுடறேன். சோம்பேறித்தனமா சார்?

இல்லை. 2009-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். 16 பேரை ஒரு நாள் 90 நிமிடம் கம்ப்யூட்டர் முன்னால் மூளையைக் கசக்கும் வேலை செய்ய வைத்தார்கள். இன்னொரு நாள் அதே நேரத்துக்கு ரயில், கார் பற்றிய படம் காட்டினார்கள். இரண்டு நாளும் முடிந்ததும் சைக்கிள் மிதிக்க வேண்டும், முடியாது என்னும் வரை. படம் பார்த்த நாளில் சராசரியாக 754 வினாடி தாங்கினார்கள். மூளை வேலை செய்த நாளில் 640. இதயத் துடிப்பிலும், தசை உழைக்கும்போது ரத்தத்தில் சேரும் லாக்டேட்டிலும் அதற்கு விளக்கம் இல்லை. ‘கஷ்டமாக இருக்கிறது’ என்ற உணர்வுதான் சீக்கிரம் ஏறியது.

ஆகவே கனமான லெக் டேயை சனி, ஞாயிறு காலைக்குத் தள்ளுங்கள். வேலை நாளில் போனால் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன்னால் ஒரு ஸ்ட்ராங் காபி. அதே கஷ்ட உணர்வைக் கொஞ்சம் தணிக்கிற வேலையைத்தான் காபி செய்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்குக் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று என்னிடம் வராதீர்கள்.

லவ் ஃபெயிலியர் ப்ரோ. ‘இவளுக்குக் காட்டறேன்’னு ரெண்டு வருஷம் உடம்பு ஏத்தினேன். இப்ப அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. எனக்கும் கோபம் இல்ல. ஜிம்முக்குப் போகவும் தோணல.

தமிழில் வெறி, வைராக்கியம், ஈடுபாடு என்று மூன்று சொல் வைத்திருக்கிறோம். பயிற்சியாளர்கள் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி ‘மோட்டிவேஷன்’ என்கிறார்கள். உங்களிடம் இருந்தது வைராக்கியம். அதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். ஆள் நகர்ந்துவிட்டால் அதுவும் போய்விடும். உங்கள் மேல் தப்பு ஒன்றும் இல்லை.

அவமானத்தால் பலன் கிடைத்த ஆட்களும் உண்டு. அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகருக்கு ஆரம்பத்தில் கெண்டைக்கால் சிறியது. மறைக்காமல், பேண்டை முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டு, எல்லார் கண்ணிலும் படும்படி பயிற்சி செய்தார். ஆனால் அந்தக் கூச்சத்தை அவர் திருப்பிவிட்ட இடத்தைப் பாருங்கள்: கெண்டைக்கால். அளந்து பார்க்கலாம், வாரா வாரம் வேலை செய்யலாம். ‘அவளுக்குக் காட்டுவது’ எத்தனை கிலோ, எத்தனை ரெப்? இந்த மாதம் ஒரே ஒரு தூக்கலை எடுத்துக்கொள்ளுங்கள், தரையில் கிடக்கும் இரும்பை இடுப்பு வரை தூக்கும் டெட்லிஃப்ட் என்று வையுங்கள். நோட்டில் எழுதி ஏற்றிப் பாருங்கள். ருசி தட்டினால் தொடருங்கள். தட்டாவிட்டால் பேட்மின்டன் ஆடப் போங்கள், உடம்புக்கு அதுவும் நல்லதுதான்.

என் பொண்ணு எட்டாவது படிக்கிறா, 200 மீட்டர் ஓடறா. ஒவ்வொரு மெடலுக்கும் ஆயிரம் ரூபாய் தர்றேன். இப்ப பணம் இல்லாத போட்டின்னா ‘வேணாம்பா’ங்கறா. எங்க தப்பு பண்ணேன் ஐயா?

நல்ல மனசோடு செய்த தப்பு. இதில்தான் நம் துறையின் மிகப் பழைய, மிக அழகான ஆய்வுகள் இருக்கின்றன. 1971-இல் எட்வர்ட் டெசி என்பவர் மாணவர்களுக்குக் கட்டைப் புதிர்கள் கொடுத்தார். சிலருக்கு ஒரு கட்டத்தில் புதிருக்கு ஒரு டாலர். அடுத்த முறை பணத்தை நிறுத்தியதும், அவர்கள் ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது குறைந்துவிட்டது. 1973-இல் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம், படம் வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், மற்ற குழந்தைகள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் இவர்கள் வரைந்தார்கள். அதே சான்றிதழை முன்னே சொல்லாமல் திடீரென்று கொடுத்த குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. ஆக, பரிசை விட பேரம்தான் கெடுத்தது. ஓட்டம் விளையாட்டாக இருந்தது, நீங்கள் அதைக் கூலி வேலை ஆக்கிவிட்டீர்கள்.

ஒரு மாவட்டப் போட்டியில் பார்த்தது இது. ஹீட்ஸ் என்கிற தகுதிச் சுற்று முடிந்ததும் ஒரு பெண் குனிந்து முழங்காலைப் பிடித்தபடி மூச்சு வாங்கினாள். ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தவர் இரண்டடியில் நிற்கிறார். அவரிடம் நேரம் கேட்கவில்லை. தலையைத் தூக்கி கேலரியில் அப்பா முகத்தைத் தேடினாள். அவர் உதட்டைப் பிதுக்கினார், நாலாவது இடம் அல்லவா. அதுவரை அவள் ஓடியதிலேயே அதுதான் வேகமான நேரம் என்பது சாயங்காலம்தான் அவளுக்கே தெரிந்தது.

பணத்தை ஒரே நாளில் வெட்டாதீர்கள், தண்டனை போல ஆகிவிடும். ‘இனி மெடலுக்குக் காசு இல்லை, ஷூவும் பஸ் செலவும் எப்போதும் அப்பா பொறுப்பு’ என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் ‘எத்தனையாவது?’ என்று கேட்காதீர்கள். ‘ஸ்டார்ட் எப்படி இருந்துச்சு?’ என்று கேளுங்கள்.

ஜிம்மில் கத்திக்கொண்டே தூக்குகிறார்களே, வெறும் சீன்தானே அது?

பாதி சீன்தான். ஆனால் 1961-லேயே சோதித்திருக்கிறார்கள்: தூக்கும் நேரத்தில் தானே கத்தினால் கை பலம் கூடியது. பக்கத்தில் துப்பாக்கி வெடித்தாலும் கூடியது. கடைசி ரெப்புக்கு ஒரு சத்தம் போடலாம். வார்ம்-அப்புக்கே கத்துகிறவரை என்ன செய்வது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

‘நாலு நிமிஷத்துக்குள்ள ஒரு மைல் ஓட முடியாதுன்னு உலகமே நம்புச்சு, பானிஸ்டர் ஓடினதும் ஒரே வருஷத்துல 37 பேர் ஓடிட்டாங்க’ – எங்க கோச் சொல்றது உண்மையா?

ரோஜர் பானிஸ்டர் 1954 மே 6 அன்று 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடியது உண்மை. 46 நாள் கழித்து ஆஸ்திரேலியாவின் ஜான் லேண்டி அதை முறியடித்தார். அந்த ஒரு வருடத்தில் புதிதாக அந்தக் கோட்டைத் தாண்டியவர் அவர் ஒருவர்தான். 37 பேர் மேடைப் பேச்சாளர்களின் வரவு. லேண்டியும் அதற்கு முன்பே ஒன்றரை வருடமாக நாலு நிமிடத்தை உரசிக்கொண்டிருந்தவர், திடீரென்று நம்பிக்கை பிறந்து ஓடியவர் இல்லை.

வறுமையில இருந்து வந்தவங்களுக்குத்தான் அந்தப் பசி இருக்கும், வசதியான வீட்டுப் பிள்ளைங்க ஜெயிக்க மாட்டாங்கன்னு சொல்றாங்களே?

மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்வோம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் சிதைந்தது. அம்மா காய்கறி விற்று வளர்த்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். தமிழக அரசு இரண்டு கோடி ரூபாய் அறிவித்தது. பசிதான் காரணம் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அவரோ டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று தாண்டிக்கொண்டே இருந்தார். எதிர்ப்பக்கம் துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ராவைப் பாருங்கள். வசதியான குடும்பம், வீட்டிலேயே சுடுதளம். 2008 பெய்ஜிங்கில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம் அவருடையது.

டெசியும் ரிச்சர்ட் ரையனும் பல வருடம் ஆராய்ந்து மூன்று தேவைகளைச் சொன்னார்கள்: இது நானே தேர்ந்தெடுத்தது என்ற எண்ணம், நாளுக்கு நாள் கைவருகிறது என்ற உணர்வு, நமக்கென்று ஆள் இருக்கிறது என்ற ஒட்டுதல். மாரியப்பனைத் தாண்டச் சொல்லி முதலில் தூண்டியவர் பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியர். அப்படி ஒருவர் கண்ணில் படாமலே போன ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை.

மாவட்ட ஆணழகன் போட்டியில ரெண்டாவது வந்தேன். மூணாவது வந்தவன் சிரிக்கிறான், எனக்கு அழுகை. ஒரு மாசமாச்சு, ஜிம் வாசலை மிதிக்கல.

அந்தச் சிரிப்பையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் காட்சிகளில், போட்டி முடிந்த கணத்தில் வீரர்களின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சிக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். வெண்கலம் 7.1, வெள்ளி 4.8. வெள்ளிக்காரர் தங்கத்தைப் பார்த்து ஏங்குகிறார். வெண்கலக்காரர் நாலாவது இடத்தை நினைத்து நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்.

ஆனால் உங்கள் விஷயத்தில் பாதி மனசு, பாதி உடம்பு. மேடைக்குப் பின்னால் நான் நின்றிருக்கிறேன். கருப்புச் சாயம் பூசிய பையன் ஒருவன் பிளாஸ்டிக் நாற்காலியில் சாயம் ஒட்டாமலிருக்க நியூஸ் பேப்பர் விரித்து உட்கார்ந்திருப்பான். உப்பு நிறுத்தி, தண்ணீரைக் குறைத்து, உதடு வெடித்திருக்கும். தசை புடைத்துத் தெரிய ரப்பர் பேண்டை இழுப்பான். தாகத்துக்கு ஒரு மூடி தண்ணீர். மூன்று மாதம் பட்டினி கிடந்த உடம்பு, போட்டி முடிந்ததும் தூங்கும், தின்னும், எரிச்சல் படும். முதல் இடம் வந்திருந்தாலும் இதே கதைதான். தங்கம் வென்ற பிறகுதான் தனக்குப் பெரிய வெறுமை வந்தது என்று பிந்த்ராவே பேசியிருக்கிறார். 23 ஒலிம்பிக் தங்கம் வைத்திருக்கும் மைக்கேல் ஃபெல்ப்ஸ், ஒவ்வொரு ஒலிம்பிக்குக்குப் பிறகும் மனச்சோர்வில் விழுந்ததாகச் சொல்கிறார்.

இன்னும் இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிடுங்கள். அப்புறம் போஸிங் இல்லாமல், கண்ணாடி பார்க்காமல், சும்மா போய் ஏதாவது தூக்கிவிட்டு வாருங்கள்.

வயசு 20, எடை 86. எல்லாரும் ‘செம பாடி’ங்கறாங்க. கண்ணாடியில ஒல்லியாத்தான் தெரியறேன். சாப்பாட்டுக் கணக்கு கெட்டுடும்னு அக்கா கல்யாணத்துல பந்தியில உட்காரல. சீனியர் ஒருத்தர் ‘ஒரு கோர்ஸ் ஊசி போடு’ங்கறார். மன உறுதி இருந்தா ஊசி இல்லாம வருமா?

தம்பி, உங்களுக்கு மன உறுதி குறைவு இல்லை, அளவுக்கு மேல் இருக்கிறது. அக்கா கல்யாணப் பந்தியில் உட்காராதவனை ஜிம்மில் ‘டெடிகேஷன்’ என்று தட்டிக்கொடுப்பார்கள். நான் தட்டிக்கொடுக்க மாட்டேன். ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவர் 1993-இல் பாடிபில்டர்களிடம் இதைப் பார்த்து எழுதினார்: திரண்ட உடம்பு கண்ணாடியில் சிறிதாகத் தெரிவது, அதற்காக வீடு, நண்பர், விசேஷம் எல்லாவற்றையும் விடுவது. பட்டினி கிடந்தும் குண்டாகத் தெரிகிறது என்கிற நோய்க்கு நேர் எதிர். இன்று மருத்துவத்தில் இதற்குத் தனிப்பெயரும் சிகிச்சையும் உண்டு. உங்களுக்கு அதுதான் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம்.

ஊசி பற்றி. 1996-இல் வந்த ஆய்வில் ஒரு பிரிவினர் உடற்பயிற்சியே செய்யாமல் பத்து வாரம் அதிக அளவில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி மட்டும் போட்டுக்கொண்டார்கள். கொழுப்பு நீங்கலாகக் கூடிய எடை 3.2 கிலோ. ஊசி இல்லாமல் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்கு 1.9. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6.1. ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் போனில் பார்த்துப் பார்த்து ஏங்குகிற உடம்பை மன உறுதியால் பிடிக்க முடியாது. பிடிக்கவில்லையே என்று உங்களை நீங்களே திட்டவும் வேண்டாம். அந்த சீனியர் இதய வீக்கத்தைப் பற்றியோ, சொந்த ஹார்மோன் சுரப்பு அடங்கிப்போவதைப் பற்றியோ ஏதாவது சொன்னாரா?

முதலில் அக்கா வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், என்ன போடுகிறாரோ அதை எடை போடாமல் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அது முடியவே இல்லை என்றால் மருத்துவரிடம் அதையே முதல் வரியாகச் சொல்லுங்கள்.

நீங்க ஏன் சார் இன்னும் தூக்கறீங்க?

எங்கள் ஜிம் ஐந்தரைக்குத் திறக்கும். அஞ்சல் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் ஐந்தேகாலுக்கே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார், மடியில் டிபன் பாக்ஸ். அவர் தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் போடும்போது பின்னால் நின்று தாங்க ஆள் வேண்டும். நான் போகாத நாளில் ஐந்து முப்பத்தைந்துக்கு போன் அடிக்கும். எடுத்தால் ‘தூங்குறியா?’ என்பார், பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிடுவார்.