பழையது என்றால் வேண்டாததா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் மறைந்த என் மாமியாரின் வெண்கல உருளி, ஈயச்சொம்பு, மரப்பெட்டி, அவர் கைப்பட எழுதிய கணக்கு நோட்டுகள் எல்லாம் இருக்கின்றன. போகிக்குள் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட வேண்டும் என்கிறான் மகன். மறுத்தால், "பழையன கழிதலும் என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்களே" என்கிறான். பழைய என்ற சொல்லுக்கே வேண்டாதது என்றுதான் பொருளா? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? – ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொல்லும் வரியிலிருந்தே தொடங்குகிறேன். பல ஆண்டுகளாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் வரி அது. "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே" என்பது பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் நூற்பா. நன்னூல் இலக்கண நூல். இந்த நூற்பா வருவது அதன் சொல்லதிகாரத்தில். காலப்போக்கில் சில பழஞ்சொற்களும் வழக்குகளும் மறையும், சில புதியவை வந்து சேரும், அது குற்றமாகாது என்று மொழியைப் பற்றிச் சொல்கிறார் முனிவர். உருளியையும் பெட்டியையும் அவர் நினைக்கவே இல்லை. மொழியிலும்கூட, பழையதைக் கழித்துவிடுங்கள் என்று அவர் கட்டளையிடவில்லை. தானே கழிந்தால் பிழை சொல்லாதீர்கள் என்றுதான் சொன்னார்.

இனிச் சொல்லுக்கு வருவோம். இதன் அடி "பழ". தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தில் பழமொழியைப் பழஞ்சொல் என்பார்கள். நம் பகரம் கன்னடத்தில் ஹகரமாக மாறும். பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு. அதே வழியில் பழைய என்பது ஹளே ஆயிற்று. ஹொய்சளர் தலைநகராக இருந்து அழிந்த துவாரசமுத்திரத்துக்கு ஹளேபீடு என்று பெயர் வந்தது இப்படித்தான். பழம் என்னும் கனிப்பெயரை மட்டும் இதோடு சேர்க்க வேண்டாம். அது பழுத்தல் என்னும் வினையிலிருந்து வந்தது.

பழகு என்ற சொல்லைப் பாருங்கள். மலையாளத்தில் பழகுக என்றால் நாள்பட்டுப் போவது. தமிழில் அதே சொல்லுக்கு நெருங்கிப் புழங்குவது என்று பொருள். நாள்படுவதும் நெருக்கமாவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. பழகிய செருப்பு காலைக் கடிப்பதில்லை என்கிறோமே, அதில் இரண்டு பொருளும் உண்டு.

திருக்குறளின் 81ஆம் அதிகாரத்துக்குப் பெயரே பழைமை. உடைந்த பானை, கிழிந்த பாய் எதுவும் அங்கே இல்லை. பத்துக் குறளும் நெடுநாள் நட்பைப் பற்றியவை. "பழைமை எனப்படுவது யாதெனின் யாதும் கிழமையைக் கீழ்ந்திடா நட்பு" என்கிறது முதற்குறள். கிழமை என்றால் உரிமை. நண்பர் உரிமையோடு செய்யும் எதையும் சிதைக்காத நட்புக்குப் பழைமை என்று பெயர். திருமுருகாற்றுப்படை முருகனைப் "பழையோள் குழவி" என்று அழைக்கிறது. கொற்றவையே அங்கே பழையோள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சோழர்கள் மாளிகை கட்டி வாழ்ந்த ஊரின் பெயரும் பழையாறைதான். இழிவு இருந்தால் தெய்வத்துக்கும் தலைநகருக்கும் இந்தச் சொல்லைச் சூட்டியிருப்பார்களா?

பேச்சில் அது "பழசு" ஆகி, எடைக்குப் போடும் பொருளுக்கு அடையாளமாகிவிட்டது உண்மைதான். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர்களின் குரல் தெருத்தெருவாகக் கேட்ட காலத்திலேயே அந்த வாடை ஏறியிருக்க வேண்டும். கடைக்காரர்கள் ஆன்டிக் என்று சொல்லி விலை கேட்டாலும் மயங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி பொதுவாக 100 ஆண்டுகளைக் கடந்தால்தான் ஒன்று தொல்பொருள். அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளுக்கு மட்டும் 75 ஆண்டுகள் போதும். உங்கள் மாமியாரின் உருளிக்கு அந்தப் பட்டம் தேவையும் இல்லை.

மகன்மீது எனக்குக் கோபமில்லை. இடநெருக்கடி பொய்யன்று, பரண் முழுவதையும் காப்பாற்றுங்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையே ஏணியில் ஏறச் சொல்லி ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதில் யார் என்ன சமைத்தார்கள், எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்று சொல்லிக்கொண்டே துடையுங்கள். சொல்ல ஒன்றுமில்லாத பொருளை எடைக்குப் போட்டால் நானும் ஆட்சேபிக்கமாட்டேன்.

நோட்டுகளை மட்டும் அன்றே தனியாக எடுத்துவைத்துவிடுங்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகளைத் தேடிப்போன உ.வே.சாமிநாதையரிடம், பழுதுபட்ட சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். அதைப் படித்த நாளிலிருந்து போகித் தீயில் காகிதக்கட்டு விழுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. உருளியை மறுபடி வாங்கலாம். அரிசி விலையையும் பால் கணக்கையும் எழுதிய அந்தக் கையெழுத்தை எங்கே வாங்குவீர்கள்?

ஈயச்சொம்பில் அன்றைக்கே ரசம் வையுங்கள். மகன் அடுப்பை மூட்டினால் ஒன்று சொல்லிக்கொடுங்கள்: வெறும் சொம்பை நெருப்பில் வைத்தால் உருகிவிடும். புளிக்கரைசலை ஊற்றிய பிறகே வைக்க வேண்டும்.