வாக்கியக் கணக்கைச் சமன்பாடாக மாற்றுவது எப்படி?

கூட்டல், பெருக்கலில் தடுமாறாத மகள், வாக்கியக் கணக்கைக் கண்டதும் பேனாவை மூடிவிடுகிறாள் என்கிறீர்கள். கோளாறு கணக்கில் இல்லை, படிக்கும் வேகத்தில்தான்.

கோயம்பேட்டுக்குப் போவோம். தக்காளியின் கிலோ விலை வெங்காய விலையின் இருமடங்கைவிட 10 ரூபாய் குறைவு. 2 கிலோ வெங்காயமும் 3 கிலோ தக்காளியும் சேர்த்து 210 ரூபாய். தனித்தனி விலை என்ன?

தெரியாத வெங்காய விலைக்கு ‘வ’ என்று பெயர் வையுங்கள். எக்ஸ்தான் வேண்டும் என்று சட்டமில்லை. இருமடங்கு என்றால் 2வ. அதைவிட 10 குறைவு என்றால் 2வ − 10. தமிழ் வாக்கியம் போகிற வரிசையிலேயே இயற்கணிதக் கோவையும் (எண்ணும் எழுத்தும் சேர்ந்த 2வ − 10 போன்ற தொடர்) அமைகிறது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த வசதி இல்லை. அங்கே ‘10 less than twice’ என்று 10 முதலில் வருவதால் பலர் 10 − 2வ என்று எழுதிவிடுகிறார்கள்.

இனி 2வ + 3(2வ − 10) = 210. அடைப்புக்குறியை விட்டால் கதை கெட்டது: 3-ஆல் 2வ-வை மட்டும் பெருக்கி 10-ஐ அப்படியே விட்டால், வெங்காயம் 27.50 ரூபாய் என்று வரும். சரியாகப் பெருக்கினால் 8வ − 30 = 210; 8வ = 240; வ = 30. தக்காளி 50 ரூபாய்.

விடையைக் கடைக்காரர் போலக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: 60 + 150 = 210. அந்த 27.50-ஐப் போட்டால் 190-தான் தேறும்.