ஒரே கூட்டம்: 800-ஆ, 1,400-ஆ?

வணக்கம். கோடியக்கரை உப்பளத்தில் கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைகளின் ஒரே கூட்டத்தை நீங்கள் 800 என்றும் நண்பர் 1,400 என்றும் எண்ணியதாகச் சொல்லி, ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புப் படிவத்தில் சராசரி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். யாரோ ஒருவர் தப்பாக எண்ணியிருக்கிறார், சராசரி அதை மறைத்துவிடும்.

திரும்பப் போய், வெயில் ஏறிக் கானல் ஆடுவதற்குள் எண்ணுங்கள். முதலில் 50 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, பைனாகுலரில் அவை எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவையே கூட்டம் முழுக்க நகர்த்தி, எத்தனை ஐம்பது என்று எண்ணிப் போங்கள். மாதிரியை ஓரத்தில் மட்டும் எடுக்காதீர்கள்; அங்கே பறவைகள் சிதறி நின்றால் மொத்தம் குறைந்துவிடும். உங்கள் 800 அப்படி வந்திருக்கலாம் என்பது என் சந்தேகம். நடுவே வேறு உள்ளான்களும் கலந்திருக்கும். இனம் தெரியாதவற்றை 'அடையாளம் தெரியாத உள்ளான்' என்றே தனியாக எழுதுங்கள், ஊகித்துப் பிரிக்க வேண்டாம்.

அப்புறம், காலில் வண்ணக் கொடி (ஆய்வாளர்கள் மாட்டிவிடும் அடையாளப் பட்டை) தெரிந்தால் நிறம், எழுத்து, எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா என்று குறித்துப் படம் எடுங்கள். இடது வலது பறவைக்கு, உங்களுக்கு அல்ல. தகவலை பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பலாம்.